குடியை நிறுத்தியவர்களுக்கான எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி: எது கைகொடுக்கிறது, எங்கே சிக்குகிறது

எம்பிஆர்பி (Mindfulness-Based Relapse Prevention, அதாவது உடலிலும் மனதிலும் நடப்பதை விழிப்போடு கவனித்து மறுபடி குடிக்குள் சறுக்காமல் தடுப்பது) என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் பயிற்சி சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. உளவியலாளர்கள் ஆலன் மார்லட், சாரா போவென், நேஹா சாவ்லா மூவரும் இதை வகுத்தார்கள். இதற்கு முன்பே மார்லட்டின் குழு சியாட்டில் பகுதிச் சிறை ஒன்றில் தியான ஆசிரியர் கோயங்காவின் மரபில் நடந்த பத்து நாள் விபாசனா தியான முகாமை ஆராய்ந்திருந்தது. சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர்கள் மறுபடி சறுக்காமல் இருப்பதுதான் இதன் நோக்கம். குடியை நிறுத்த வைக்கும் சிகிச்சையாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்றதெல்லாம் இந்த வேறுபாட்டுக்குப் பிறகுதான்.

வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், சிறு குழுவாக எட்டு வாரம் உட்கார வேண்டும். வீட்டில் ஒலிப்பதிவு கேட்டு வாரத்தில் ஆறு நாள் பயிற்சி. முதல் வாரம் ஓர் உலர்திராட்சையை நிதானமாகப் பார்த்து, முகர்ந்து, மெல்வதில் தொடங்கி, பாதம் முதல் தலை வரை உடலைக் கவனிப்பதில் முடிகிறது. யோசிக்காமலே கை பாட்டிலுக்குப் போகிற பழக்கத்தைக் கண்டுகொள்ளத்தான் இந்த ஆரம்பம்.

பயிற்சியின் உயிர் இரண்டாம் வாரத்தில் இருக்கிறது. குடிக்கத் தூண்டும் ஒரு சூழலைக் கண்ணை மூடி மனதில் கொண்டுவரச் சொல்வார்கள்: சம்பள நாள் மாலை, பழைய கூட்டாளியின் போன், வீட்டில் ஒரு வாக்குவாதம். வேட்கை எழுந்ததும் அது உடலில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். தொண்டை வறள்கிறதா, நெஞ்சு இறுகுகிறதா, வயிறு பிசைகிறதா? அலைமேல் பலகையில் நிற்பவரைப் போல மூச்சின் மேல் கவனத்தை ஊன்றிக்கொண்டு, வேட்கை ஏறுவதையும் இறங்குவதையும் கவனிக்க வேண்டும். தூண்டியது எதிரில் இல்லாதபோது வேட்கை பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அது தணிவதைக் குடிக்காமலே ஒருமுறை பார்த்துவிட்டவருக்கு அடுத்த முறை பயம் குறைவு.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. தொடக்கத்திலேயே மிகக் கனமான நினைவை எடுத்துக்கொள்கிறார்கள். நடுத்தரமான ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாவு, அடிதடி போன்றவை இதற்கு வேண்டாம். இன்னொன்று, “இன்னும் போகவில்லையே” என்று வேட்கையோடு மல்லுக்கட்டுவது. விரட்டப் பார்த்தால் பதற்றம்தான் ஏறும்.

மூன்றாம் வாரத்தில் வரும் ‘சோபர்’ (SOBER, ஐந்து படிகளின் ஆங்கில முதலெழுத்துகள்) பயிற்சி ஐந்து படிகள் கொண்டது. செய்கிற வேலையை அப்படியே நிறுத்து. உடலிலும் மனதிலும் ஓடுவதைப் பார். கவனத்தை மூச்சுக்குக் கொண்டுவா. பிறகு அதை உடல் முழுவதற்கும் விரி. கடைசியாக, அடுத்து என்ன செய்வது என்று தெரிந்து முடிவெடு. மூன்று நிமிடம் போதும். பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே செய்யலாம். ஆனால் இதை முதன்முதலாக மதுக்கடை வாசலில் முயல்பவர்கள் தோற்றுப்போகிறார்கள். மனம் அமைதியாக இருக்கும்போது ஒரு நாளைக்கு மூன்று முறை செய்து பழக வேண்டும். தூண்டுகிற இடத்தில் நின்றால் முதலில் அங்கிருந்து நகர வேண்டும், மூச்சு அதற்குப் பிறகு.

பலர் பாதியில் விட்டுவிடப் பெரும்பாலும் காரணம் நீண்ட உடல் கவனிப்புதான். குடியை விட்ட புதிதில் தூக்கம் கெட்டு, உடல் நிலைகொள்ளாமல் இருக்கும். முக்கால் மணி நேரம் அசையாமல் கிடப்பது வேதனை. பத்து நிமிடத்தில் தொடங்கலாம், உட்கார்ந்தும் செய்யலாம். பழைய வன்முறை நினைவுகள் கிளம்புகிறவர்கள் கண்ணைத் திறந்தே வைத்திருக்கட்டும். மூச்சைக் கவனித்தால் மூச்சு முட்டுவதுபோல் இருந்தால், தரையில் பதிந்த பாதத்தையோ மின்விசிறிச் சத்தத்தையோ கவனிக்கலாம். ஒலிப்பதிவின் ஆங்கிலம் தடையாக இருந்தால், ஆலோசகர் தமிழில் மெதுவாகச் சொல்லிப் பதிந்து கொடுப்பதே மேல்.

பலன் எவ்வளவு? சிகிச்சை முடித்த 286 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. வழக்கமான பின்சிகிச்சையைவிட இந்தப் பயிற்சியும், சிந்தனைப் பழக்கங்களை மாற்றும் இன்னொரு தடுப்புப் பயிற்சியும் சறுக்கும் ஆபத்தைக் குறைத்தன. சிகிச்சைக்குப் பிறகு முதல்முறை போதைப்பொருள் எடுப்பதைத் தள்ளிப்போடுவதில் அந்த இன்னொன்றே முந்தியது. 12ஆம் மாதத்தில் மட்டும் மைண்ட்ஃபுல்னஸ் குழுவினரிடம் போதை எடுத்த நாட்களும் மிதமிஞ்சிய குடியும் மற்ற இரு குழுக்களைவிடக் குறைந்திருந்தன. இத்தகைய பயிற்சிகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் அமைப்பு) 2021 ஆய்வு உறுதியான தீர்ப்புக்குச் சான்று போதவில்லை என்றது. ஆக, மருந்தையும் ஏஏ (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டத்தையும் விட்டுவிட்டு இதை மட்டும் நம்பச் சொல்லும் எந்த மையத்தையும் நாங்கள் ஏற்கமாட்டோம்.

தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கமும், ஓரிரு நாளில் வலிப்பும், அதைத் தொடர்ந்து புத்தி பேதலிப்பும் வரலாம். அது உயிருக்கே ஆபத்து. அந்த நாட்களில் தேவை மருத்துவமனை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, மருத்துவர் கண்காணிப்பு. தியானத்துக்கு அப்போது இடமில்லை. இந்தியாவில் எங்கே போவதென்று தெரியாதவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446ஐ இலவசமாக அழைக்கலாம். பயிற்சியில் சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: நடத்துபவர் தானும் தினமும் தியானம் செய்கிறாரா, நடுவில் சறுக்கிவிட்டால் குழுவில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா, எட்டாம் வாரத்துக்குப் பிறகு கூடிப் பயிற்சி செய்ய இடம் உண்டா?