மாடித்தோட்ட 'செட்' வாங்கப் போகிறீர்களா? நார்க்கட்டியை முதலில் நனைத்துப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரி இரண்டு ஊரிலும் இப்போது எந்தப் பொருட்காட்சிக்குப் போனாலும் மாடித்தோட்ட ஸ்டால் ஒன்று இருக்கிறது. 'தொண்ணூறு நாளில் காய் பறிக்கலாம், பை முதல் பந்தல் வரை நாங்களே வந்து வைத்துத் தருவோம், மூன்று மாதம் வாராவாரம் ஆள் வந்து பார்ப்பார்' என்று ஒரு நோட்டீஸ் கையில் திணிப்பார்கள். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தது அப்படி ஒரு கூட்டம்தான். பெயரைப் போடவில்லை. பேனரில் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், போட்டாலும் உங்களுக்குப் பயன்படாது. ஏமாற்றும் விதம் மாறவில்லை, அதைச் சொல்கிறேன்.

இருபத்தைந்து பை, பச்சை நிழல்வலை, தேங்காய் நார்க்கழிவுக் கட்டி, விதை, 'ஊட்டச்சத்து' பாட்டில், எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே ஜிபேயில். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்கள்.

முளைத்ததெல்லாம் இரண்டு இலை விட்டதோடு நின்றது. இலை ஓரம் தீய்ந்தது. பையில் ஈரம் இருக்கும்போதே செடி வாடியது. மேல்மண் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்தது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். 'மேடம், நீங்க தண்ணி அதிகமா ஊத்துறீங்க' என்றார்கள். குறைத்தேன். 'இப்ப தண்ணி பத்தலை மேடம்.' பிறகு எப்சம் உப்பு வாங்கச் சொன்னார்கள், கடல்பாசிச் சாறு வாங்கச் சொன்னார்கள், லேபிள் இல்லாத பாட்டிலில் பஞ்சகவ்யம் என்று ஏதோ ஒன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனிக்காசு. வாராவாரம் வரவேண்டிய ஆள் முதல் வாரத்துக்குப் பிறகு வரவில்லை. கடைசியில் சொன்ன பதில் இது: 'தோட்டம்னா அப்படித்தான் மேடம். நாலு செடி சாகும், நாலு வரும். பட்டுத்தான் கத்துக்கணும்.'

இந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர்கள் வியாபாரமே நிற்கிறது. தோட்டம் போட்ட எல்லோருக்கும் அது உண்மை என்று தெரியும், அதனால் எதிர்த்துப் பேச வாய் வராது. ஆனால் பட்டுக் கத்துக்கொள்வது என்றால் நல்ல மண்ணும் உயிருள்ள விதையும் கையில் இருந்து, தண்ணீரையும் வெயிலையும் மாற்றிப் பார்ப்பது. கெட்ட சரக்கைக் கொடுத்துவிட்டு நம்மைப் பரீட்சை எழுதச் சொல்வதற்கு அந்தப் பெயர் கிடையாது.

கோளாறு எங்கே என்று காட்டியது எங்கள் வீட்டு ஆர்ஓ மெஷின் சர்வீசுக்கு வரும் தம்பி. மாடித் தொட்டியைப் பார்க்க வந்தவர் பைகளைப் பார்த்துவிட்டு, 'அக்கா, இது உப்பு மாதிரி தெரியுதே' என்று பையின் அடியில் வடிந்த தண்ணீரில் தன் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி) வைத்தார். 3,000-ஐத் தாண்டியது. எங்கள் போர் தண்ணீர் 800 காட்டும். கடலோரத்து ஊர், அது எங்களுக்குப் பழக்கம். குடிநீருக்கு வேறு வழியே இல்லாத இடத்தில் இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவே 2,000தான். நாற்றுக்கு அதைவிட எவ்வளவோ குறைவாக இருக்க வேண்டும்.

காரணம் நார்க்கழிவு. மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்து நார் எடுக்கும் இடங்களில் அந்த உப்பு கழிவிலும் தங்கிவிடும். ஊறவைக்காத மட்டையிலும் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உண்டு. நல்ல கம்பெனிகள் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, பிறகுதான் அழுத்திக் கட்டியாக்கும். 'லோ ஈசி' (உப்பு குறைவு) என்று போட்டு விற்பது அதைத்தான். அலசாத கட்டி விலை குறைவு, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வேரைச் சுற்றி உப்பு கூடினால் பை முழுக்க ஈரம் இருந்தும் செடியால் அதை உறிஞ்ச முடியாது. தண்ணீர் அதிகம் என்றும் பத்தலை என்றும் மாறி மாறிச் சொல்ல அவர்களுக்கு வசதியாக இருந்தது இதனால்தான். இதில் எப்சம் உப்பும் போடச் சொன்னார்களே, அது உப்பின் மேல் உப்பு.

வாங்குமுன் செய்யவேண்டியது சின்ன வேலை. கட்டியிலிருந்து ஒரு பிடி கேளுங்கள். ஆர்ஓ தண்ணீரிலோ மழைத்தண்ணீரிலோ ஊறவைத்துப் பிழிந்து, டிடிஎஸ் மீட்டரை வையுங்கள். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஆர்ஓ ரிப்பேர்க்காரர் எல்லோரிடமும் இருக்கும். ஆயிரக்கணக்கில் ஏறினால் வாங்காதீர்கள். பிழியக்கூட விடாத ஸ்டாலில் அதற்குமேல் நிற்கவேண்டியதில்லை. (ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுபவர்கள் அதையும் ஒருமுறை அளந்து பாருங்கள். பகீர் என்றிருக்கும்.)

விதைக் கதை தனி. ஜெராக்ஸ் எடுத்த படம் ஒட்டிய கவர், உள்ளே காலிஃப்ளவர், கேரட், பீட்ரூட். சித்திரை மாதத்தில், கடலூரில்! இவை குளிர் கேட்கிற பயிர்கள், கத்திரி வெயிலில் நம் மாடியில் என்ன செய்யும்? வெண்டை, கத்தரி, கொத்தவரை கொடுத்திருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும். விதை பாக்கெட்டில் ரகத்தின் பெயர், குவியல் எண் (லாட் நம்பர்), முளைப்புத்திறன், சோதனை செய்த தேதி, காலாவதி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் கீழ் லேபிளுக்கென்றே விதிகள் உண்டு. தக்காளி, கத்தரிக்குக் குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம், மிளகாய்க்கு 60, வெண்டைக்கு 65. எங்களுக்கு வந்த கவரில் இந்த விவரம் ஒன்றுகூட இல்லை. நம் மாவட்டத்திலேயே பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பாலூர் கத்தரி ரகங்கள் அங்கிருந்து வந்தவை. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம். இந்த மாதம் எதை விதைப்பது என்று அங்கே கேட்டால் சொல்வார்கள்.

இதே பேச்சு வேறு கடையிலும் ஓடுகிறது. என் தங்கை மகன் புதுச்சேரியில் ஒரு ஜிம்மில் வருடக் கட்டணம் கட்டினான். முட்டி வலிக்கிறது என்றால் 'ஆரம்பத்துல அப்படித்தான், பழகிடும்' என்று சொல்லிவிட்டு, ஜிப் கவரில் கட்டிய புரோட்டீன் பவுடரை நீட்டியிருக்கிறார்கள். பாக்கெட்டில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இல்லாத எதையும் வாயில் போடாதே என்று சொல்லியிருக்கிறேன். பணம் திரும்ப வருமா என்பது வேறு விஷயம்.

என் பணத்துக்கு வருகிறேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், தேதியோடு எடுத்த படங்கள், நோட்டீஸ், மீட்டர் காட்டிய எண்ணின் படம், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதுவரை போனே எடுக்காதவர்கள் கூப்பிட்டு, 'பாதி தர்றோம் மேடம், புகாரை வாபஸ் வாங்கிடுங்க' என்றார்கள். முதலில் பணம், பிறகு பேசலாம் என்றேன். பாதி வந்தது, புகார் அப்படியே இருக்கிறது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்ச ரூபாய் வரை அங்கே கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், வங்கிக் கணக்கில் பணம் போன தடம் இருக்கிறது.

இவர்களிடம் ஏற்கெனவே வாங்கி, வாடிப்போன பைகளோடு இருப்பவர்கள் நார்க்கழிவைக் குப்பையில் கொட்டாதீர்கள். முதலில் பை ஒன்றையும் மீட்டரையும் சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள், புகாருக்கு வேண்டும். பிறகு பெரிய டப்பில் கொட்டி நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடியுங்கள். வடியும் தண்ணீரில் மீட்டர் காட்டும் எண், ஊற்றிய தண்ணீரில் காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மழைக்காலத்தில் மாடியில் ஓட்டைச் சாக்கில் போட்டு வைத்தால் மழையே பாதி வேலையை முடித்துவிடும். சோடியம் நாரில் ஒட்டிக்கொண்டு, அலசியும் போகவில்லை என்றால் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து மறுபடி அலசுங்கள். அப்புறம் செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து, வெண்டை நாலு போட்டுப் பாருங்கள். அந்தப் பாட்டில்களை மட்டும் செடிக்கு ஊற்ற வேண்டாம்.