சஹாரா காஞ்சதுக்கு மாடு காரணமா, இல்ல மாட்டுக்காரங்க அத தள்ளிப்போட்டாங்களா?

சுமார் 11,000 வருஷத்துக்கு முன்னாடியிருந்து 5,000 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் சஹாரால ஏரியும் புல்வெளியும் இருந்துச்சு. அல்ஜீரியாவோட தாஸிலி பாறை ஓவியங்கள்ல மாடுகள பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் தோல்ல இருக்க திட்டு, கொம்போட வளைவுனு தனித்தனியா வரைஞ்சிருக்காங்க, தன் மாட்ட பேர் சொல்லி கூப்பிட்டவன் கை அது.

பூமியோட அச்சு தள்ளாட்டத்துல வடக்க கோடை வெயில் குறைஞ்சு பருவமழை தெக்கால போனதுதான் அடிப்படைக் காரணம், அதுல சண்டையே இல்ல. மேய்ச்சல் என்ன பண்ணுச்சுங்கறதுலதான் ரெண்டு கட்சி.

2017ல தொல்லியல் ஆய்வாளர் டேவிட் ரைட் சொன்னது, மந்தை போன இடத்துல புல் போய் புதர் வந்துச்சு, புல் போனா தரை வெளுத்து வெயில திருப்பி அனுப்பும், மழை இன்னும் குறையும்னு. கேக்க நல்லாருக்கு. ஆனா 2018ல காலநிலை ஆய்வாளர் கிறிஸ் பிரையர்லி டீம் கம்ப்யூட்டர்ல காலநிலை மாடல் போட்டுப் பாத்தா, வறட்சி நிஜமா வந்ததுக்கு சுமார் 500 வருஷம் முன்னாடியே வந்திருக்கணும், மேய்ச்சல் அத தாமதப்படுத்தியிருக்கலாம்னு வருது.

எனக்கு ரெண்டாவதுதான் சரியா படுது. லிபியாவுல தகர்கோரி பாறைக் குகைல கிடைச்ச பானை ஓட்டுல சுமார் 7,000 வருஷத்துக்கு முந்தின பால் கொழுப்பு ஊறிக் கெடக்கு. பாலுக்காக மாடு வளக்குறவன் மழை பாத்து, புல் பாத்து எடம் மாறிட்டே இருப்பான், ஒரே தரைய மொட்டையடிச்சா அவன் மாடுதான மொதல்ல சாகும்? ஆனா தண்ணி சுருங்கி எல்லா மந்தையும் ஒரே ஏரிக்கரைல கூடின கடைசிக் காலத்துக்கு மட்டும் ரைட் சொல்றது பொருந்தலாம்.