லாரி படுதாக் கடையில் பாய்மரப் படகுக்குத் தைக்கக் கொடுத்தால்

வேலூர் லாங் பஜாரை ஒட்டின ஒரு சந்தில் லாரி படுதா, பந்தல் துணி, ஆட்டோ சீட் உறை எல்லாம் தைத்துத் தருகிற சின்னக் கடை ஒன்று இருக்கிறது. பாய்மரப் படகுக்குச் சாமான் தைக்கக் கொடுத்தவர்கள் எனக்கு முன்னால் அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பாலாற்றிலேயே தண்ணீர் கிடையாது, உனக்கு எதுக்குடா கடல் என்று வீட்டில் கேட்டார்கள். சித்தப்பா மகன் பாண்டிச்சேரியில் ஒரு பழைய 30 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு போர்ட் பிளேர், அங்கிருந்து மலேசியாவின் லங்காவி தீவு என்று கிளம்புகிறோம். போர்ட் பிளேர் மட்டுமே 1,400 கிலோமீட்டர் பக்கம். நடுவில் ஒதுங்க ஒரு திட்டுகூட இல்லை.

கொடுத்ததில் முக்கியமான வேலை டிரோக், அதாவது புயலில் படகைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துகிற சாதனம். 1979-இல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் புயலில் 15 மாலுமிகள் இறந்தார்கள். அதற்கப்புறம் டொனால்ட் ஜோர்டன் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் சிறு படகுகள் ஏன் கவிழ்கின்றன என்று உட்கார்ந்து ஆராய்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார். நீளமான நைலான் கயிற்றில் ஐந்து அங்குல அகலத் துணிக் கூம்புகளை வரிசையாகக் கட்டி, நுனியில் சங்கிலி மாட்டி, படகின் பின்பக்கமாகக் கடலில் விட்டுவிடுவது. உடைகிற அலை படகைத் தூக்கி எறியப் பார்க்கும்போது கூம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரைப் பிடிக்கும், படகு குலுங்காமல் மெதுவாக இழுபட்டு நிற்கும். ஒரே பெரிய குடை மாதிரி கட்டினால் அது சில நேரம் அலையோடு மேலே வந்து வேலை செய்யாமல் போகும், இதில் அந்தத் தொல்லை இல்லை. யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார் மனிதர். நாலரை டன் படகுக்குச் சுமார் 100 கூம்பு வேண்டும்.

கடைக்காரர் அளவு அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "புனல் மாதிரி இருக்கே தம்பி, சின்ன வாயை மூடணுமா?" என்றார். மூடக்கூடாது, ரெண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும், பெரிய வாய் படகைப் பார்த்து இருக்கும் என்று சொன்னேன். அதற்குமேல் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நைலான் துணியைக் கத்தரியால் வெட்டினால் ஓரம் பிரியும் என்று அவரே சால்டரிங் அயர்னைச் சூடாக்கி வெட்டினார். ஒவ்வொரு கூம்பிலும் மூன்று நாடா, நாடா சேருமிடத்தில் குறுக்கும் நெடுக்குமாக அடர்ந்த தையல். ஒன்றை எடுத்து ரெண்டு பேர் எதிரெதிராக இழுத்துப் பார்த்தோம், தையல் அசையவில்லை. கூம்புக்கு 25 ரூபாய் கூலி, துணியும் நாடாவும் நம்முடையது.

நூலையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், இதை மட்டும் மறக்காதீர்கள். கடையில் இருக்கும் சாதா நூல் பந்தலுக்குப் போதும், கடல் வெயிலுக்குத் தாங்காது; புற ஊதாக் கதிர் தாங்கும் பாலியஸ்டர் நூல்தான் சரி. கயிறு கோர்க்கும் துளைக்குப் போடுகிற உலோக வளையமான ஐலெட்டும் அப்படித்தான். பித்தளை என்று கொடுத்தார்கள், காந்தத்தை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு, மேலே முலாம். கேட்டால் "லாரிக்கு இதுதான் தம்பி போடறோம்" என்கிறார். லாரி உப்புத்தண்ணீரில் ஓடுவதில்லையே.

தூங்கும்போது படகு சாய்ந்தால் உருண்டு விழாமல் இருக்கப் படுக்கை ஓரத்தில் கட்டுகிற கித்தான் துணி அருமையாக வந்திருக்கிறது. அலைத் தண்ணீர் மேலே தெறிக்காமல் இருக்க முன்பக்கம் கட்டுகிற மறைப்பு சுமார்தான். அதன் ஜன்னலுக்கு ஆட்டோ மழைத்திரையில் போடுகிற பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டார்கள், ஒரு கோடையில் மஞ்சளாகி எதிரே வருவது தெரியாமல் போகும், மாற்றத்தான் வேண்டும். கயிறு உரசும் இடங்களுக்குத் தோல் துண்டு கேட்டதற்கு, ராணிப்பேட்டையில் தெரிந்த இடத்திலிருந்து குரோம் பதனிட்ட வெட்டுத் துண்டுகளைச் சும்மாவே வாங்கித் தந்தார். நம்ம பக்கத்து ஆளுக்குத் தோலைப் பற்றியா சொல்ல வேண்டும்.

இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு நடக்க மேல்தளம் நெடுக ஓடுகிற நாடாவை மட்டும் இங்கே தைக்கக் கொடுக்கவில்லை. அது அறுந்தால் ஆள் கடலில். சோதித்து பாரம் குறித்த நாடாதான் வாங்க வேண்டும், அதில் காசு பார்க்காதீர்கள்.

பாண்டிச்சேரிக்கு வெளியே நல்ல காற்றில் டிரோக்கை விட்டுப் பார்த்தோம். ஒரு தையலும் விடவில்லை. திரும்ப இழுத்து ஏற்றத்தான் ரெண்டு பேருக்கும் தோள் கழன்றது, அதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது.

சொன்ன தேதிக்குக் கொடுக்க மாட்டார்கள். புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன்னால் லாரிக்காரர்கள் வரிசை கட்டி நிற்பார்கள், நம் வேலை மூலைக்குப் போய்விடும். பங்குனி, சித்திரையில் போங்கள், பாதிப் பணம் முன்கூட்டியே கேட்பார்கள், காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.