வார்ஃபரினா, புதிய மாத்திரையா, ஆஸ்பிரினா: முதியவர்களின் மூளைக்கு எது காவல்?

நாடித்துடிப்பு ஒழுங்கு தவறி ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயக் கோளாறு, பக்கவாதம் வரும் வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது. இதயத்தின் இடது மேலறையில் தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குச் செல்லும் குழாயை அடைப்பதே இதற்குக் காரணம். கைகால் விழாமலேயே மூளையின் சிறு பகுதிகள் பழுதாகி நினைவு மங்குவதும் உண்டு. ஈரோட்டிலோ கோவையிலோ இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துக்கான சீட்டோடு ஊர் திரும்பும் குடும்பங்கள், "இந்த மாத்திரையால மூளையில ரத்தம் கசிஞ்சுறாதுங்களா?" என்று அஞ்சுவது நியாயமே. ஆனால் அந்த ஆபத்து எல்லா மாத்திரைகளுக்கும் ஒரே அளவில் இல்லை.

வயதானவர்களுக்கு ஆஸ்பிரினே சாதுவானது என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. 75 வயதைக் கடந்த 973 பேரிடம் இங்கிலாந்தில் நடந்து 2007இல் வெளியான பாஃப்டா ஆய்வில், கடும் பக்கவாதம் போன்ற பாதிப்புகள், இரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரின் எடுத்தவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.8 ஆகவும், ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 3.8 ஆகவும் இருந்தன. இரத்தக்கசிவிலோ இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. வார்ஃபரின் ஒத்துவராதவர்களுக்கு அபிக்ஸபான் என்ற புதிய மருந்தை ஆஸ்பிரினோடு ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்விலும், பெரிய இரத்தக்கசிவு குறிப்பிடும்படி கூடாமலேயே பக்கவாதம் பாதிக்கும் மேல் குறைந்தது. ஆகவே இந்தக் கோளாறுக்கு ஆஸ்பிரினை மட்டும் கொடுப்பது, காவலே இல்லாமல் கசிவின் ஆபத்தை மட்டும் சுமப்பதற்கு ஒப்பாகும். இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களின் கணக்கு வேறு. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்தக் கூடாது.

வார்ஃபரினும், நம் பக்கம் பரவலாகத் தரப்படும் அசிட்ரோமும், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பவை. விலை மலிவு, நன்கு பழகிய மருந்துகள். ஆனால் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை அளவு பெரும்பாலோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும்; இறங்கினால் அடைப்பு, ஏறினால் கசிவு. தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு இது எளிதான காரியமன்று. ஒரு நாள் முழு மாத்திரை, மறுநாள் அரை என்று எழுதித் தந்திருப்பார்கள். கண் மங்கிய நிலையில் பிளேடால் வெட்டும்போது ஒரு துண்டு பெரிதாகவும் மறு துண்டு தூளாகவும் போகும். வைட்டமின் கே உள்ள முருங்கைக்கீரையைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் தினமும், மறு வாரம் அறவே இல்லை என்றிருந்தால் ஐ.என்.ஆர். நிலைகொள்ளாது. மூட்டுவலிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் எந்த மருந்தோடு சேர்ந்தாலும் கசிவின் ஆபத்தைக் கூட்டும்.

டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் ஆகிய புதிய மருந்துகளுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை. 18,201 பேரைக் கொண்ட 2011ஆம் ஆண்டின் அரிஸ்டாட்டில் ஆய்வில், வார்ஃபரினைவிட அபிக்ஸபான் பக்கவாதத்தை 21 விழுக்காடும், பெரிய இரத்தக்கசிவை 31 விழுக்காடும் குறைத்தது. மூளைக்குள் இரத்தம் கசிந்து வரும் பக்கவாதம் ஏறத்தாழ பாதியானது. முதியவர்களின் மூளையைப் பொறுத்தவரை இதுவே முதன்மையான வேறுபாடு என்பது என் கருத்து. ஆனால் இதற்கும் நிபந்தனைகள் உண்டு. சிறுநீரகத்தின் நிலையையும் வயது, எடை ஆகியவற்றையும் பார்த்தே அளவு முடிவாகும். அபிக்ஸபானை நாளுக்கு இருமுறை எடுக்க வேண்டும். ரிவராக்ஸபானின் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். இவற்றின் வேலை ஒரு நாளுக்குள்ளேயே பெருமளவு குறைந்துவிடுவதால், பொழுது சாய்ந்ததும் படுத்துவிடும் பாட்டி இரவு மாத்திரையை மறந்தால் அந்த இடைவெளியில் காவல் தளர்கிறது. திருப்பூரில் வேலையிலிருக்கும் மகன் மாலையில் போனில் கேட்பது இங்கே மருத்துவத்தின் ஒரு பகுதியே.

செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களும், ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு மிகவும் சுருங்கியவர்களும் பழைய மருந்திலேயே தொடர வேண்டும். அங்கே புதியவை தோற்றுப்போயிருக்கின்றன. வார்ஃபரின் வகை மருந்தில் நன்றாக இருக்கும் தளர்ந்த முதியவர்களைக் காரணமின்றி மாற்றுவதும் நல்லதன்று. நெதர்லாந்தில் நடந்து 2023இல் வெளியான ஃப்ரெயில் ஏ.எஃப். ஆய்வில், மாற்றப்பட்டவர்களுக்கே இரத்தக்கசிவு கூடியது.

இந்த மருந்துகள் நினைவாற்றலைக் காக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு இன்னும் உறுதியான சான்றில்லை. இந்தக் கோளாறுள்ள நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை அலசி 2017இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், உறைவைத் தடுக்கும் மருந்து எடுத்தவர்களிடம் டிமென்ஷியா என்னும் மறதிநோய் 29 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. ஆனால் திடமாக இருந்தவர்களுக்கே மருந்து கூடுதலாக எழுதப்பட்டிருக்கலாம். பக்கவாத ஆபத்து குறைவாக இருந்த, சற்று இளையவர்களிடம் ரிவராக்ஸபானைச் சோதித்து 2024இல் முடிவு வெளியான பிரெயின் ஏ.எஃப். ஆய்வில் பலன் தெரியவில்லை. இதயக் கோளாறே இல்லாத முதியவர்கள் நினைவுக்காக ஆஸ்பிரின் எடுப்பதும் வீண். 19,114 பேரைக் கொண்ட 2018ஆம் ஆண்டின் ஆஸ்ப்ரீ ஆய்வில் டிமென்ஷியா குறையவில்லை, இரத்தக்கசிவுதான் கூடியது.

எந்த மாத்திரையாக இருந்தாலும், வாசற்படியில் தடுக்கித் தலை அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அன்றே சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மருந்தின் பெயரையும் கடைசியாக எடுத்த நேரத்தையும் சொல்ல வேண்டும்.