38 வயதில் ஏடிஎச்டி: என்எச்எஸ் வழியாகச் சிகிச்சை பெற்ற அனுபவம்

இங்கிலாந்தில் வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் மனநலம் என்றால் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் பக்கம் போகவே தயங்குகிறார்கள். விசாவோடு பெரியவர் ஒருவருக்கு வருடம் 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறோம். தயங்க வேண்டாம்.

எனக்கு ஏடிஎச்டி (கவனத்தை ஒன்றில் நிறுத்த விடாத நரம்பு வளர்ச்சிக் குறைபாடு) இருக்குமோ என்ற சந்தேகத்தில், அதன் அறிகுறிகளைக் கேட்கும் ஏஎஸ்ஆர்எஸ் என்ற 18 கேள்விப் படிவத்தை வீட்டிலேயே நிரப்பி ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) கொண்டு போனேன். உள்ளூர்ப் பிரிவில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார். ‘ரைட் டு சூஸ்’ வழியாக அனுப்புங்கள் என்று கேட்டேன். என்எச்எஸ் ஒப்பந்தம் உள்ள வேறொரு நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை அது. பரிசோதனைக்கு நம் கையிலிருந்து காசு போகாது. இங்கிலாந்தில் மட்டும்தான், ஸ்காட்லாந்து, வேல்ஸில் கிடையாது. எனக்கு எட்டு மாதத்தில் அழைப்பு வந்தது.

பரிசோதனை வீடியோவில், இரண்டு மணி நேரம். அதை மனதாரப் பாராட்டுகிறேன். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்க்க வேண்டும் என்பதால், கும்பகோணத்திலிருந்து அம்மாவையும் பேச வைத்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார். “எம் பொண்ணு எப்பவும் ஃபர்ஸ்ட் ரேங்க்” என்று அம்மா ஆரம்பித்தாள். என்னைப் பற்றி ஒரு குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்புவது எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு அம்மா சொன்னாள்: வருடத்துக்கு நாலு டிபன் பாக்ஸ் வாங்கியது, ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு நான் ரிக்‌ஷாவில் ஏறியது, மறந்துபோன நோட்டோடு அப்பா சைக்கிளில் பின்னாலேயே வந்தது. “தினம் திட்டிக்கிட்டேதான் இருந்தேன் டாக்டர்” என்றாள். நான் அழுதுவிட்டேன்.

ஏடிஎச்டிதான் என்று உறுதியானது. தந்த மருந்து லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைன். 30 மில்லிகிராமில் தொடங்கி 50-க்கு ஏற்றினார்கள். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை எல்லாவற்றையும் நாமே அளந்து அனுப்ப வேண்டும். சீட்டு ஒன்றுக்கு நான் கட்டியது 9.90 பவுண்டு. முதல் இரண்டு வாரம் மதியம் பசியே இல்லை. ஆனால் அடுப்பில் வைத்த பால் பொங்குமுன் இறக்கினேன். இதை எழுதும்போது சின்ன விஷயமாகத் தெரிகிறது, எனக்கு அது சின்னதில்லை.

குறை என்றால் அதற்குப் பிறகுதான். அளவு நிலையானதும் மருந்துச் சீட்டை ஜிபி எழுத வேண்டும். இதை ‘ஷேர்ட் கேர்’ என்கிறார்கள். இதற்கு ஜிபி சம்மதித்தே ஆக வேண்டும் என்றில்லை. என் ஜிபி மறுத்துவிட்டார்கள். கட்டுப்பாட்டு மருந்து என்பதால் 30 நாளுக்கு மேல் தருவதும் அரிது, சீட்டும் 28 நாளில் காலாவதியாகிவிடும். தேதிகளை நினைவில் வைத்துக்கொள்ள முடியாததால்தானே இந்தச் சிகிச்சைக்கே வந்தோம்! வேறு ஜிபியில் பதிவு செய்து, அவர்கள் ஒப்புக்கொள்வதற்குள் ஐந்து வாரம் மருந்தில்லாமல் போனது.

அதனால் ரைட் டு சூஸ் கேட்கும் அன்றே, ஷேர்ட் கேருக்குச் சம்மதமா என்றும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.