நாயோடு ஒரு மாதம்: மாமல்லபுரமா, புதுச்சேரியா, தரங்கம்பாடியா?

கூட்டமில்லாத பருவத்தில் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு மாதம் வீடெடுத்துத் தங்குவது என்று முடிவு செய்தபோது, எங்கள் வீட்டில் முதலில் எழுந்த கேள்வி செவலையை எங்கே விடுவது என்பதாக இருக்கவில்லை; செவலைக்கு எந்த ஊர் ஒத்துவரும் என்பதாகவே இருந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் பெசன்ட் நகரின் மரங்களைச் சாய்த்துப் போட்ட மறுநாள், விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளுக்கு அடியிலிருந்து எடுத்து வந்த நாட்டுநாய்க் குட்டி அது. 2022இல் மாமல்லபுரத்திலும், 2023இல் புதுச்சேரியிலும், 2024இல் தரங்கம்பாடியிலும் அதனோடு ஒவ்வொரு மாதம் தங்கிய பிறகு, இந்த மூன்று ஊர்களையும் நாயின் கணக்கில் வைத்து ஒப்பிட முடியும் என்று நினைக்கிறேன். மனிதர்களுக்கு எது அழகான ஊர் என்பது வேறு கேள்வி.

ஊரைவிட மாதத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். நம் கடற்கரையில் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பயணிகள் வரும் காலம் என்பதால், அதற்கு வெளியே இரண்டு தேர்வுகள் உள்ளன: ஐப்பசி மழைக்காலம் அல்லது சித்திரை முதல் ஆடி வரையிலான வெயில் காலம். ஐப்பசியில் வாடகை குறைவு, மணல் சுடாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தீபாவளி வெடி அந்த மாதத்தில்தான் வருகிறது. பழக்கமில்லாத வீட்டில் வெடிச்சத்தத்துக்கு மிரளும் நாய், கதவு திறந்த நொடியில் தெரியாத ஊருக்குள் ஓடிவிட்டால் தேடிப் பிடிப்பது கடினம். அதோடு மழைக்காலத்தின் பின்பகுதியில் புயலும் உண்டு. மாண்டஸ் புயல் 2022 டிசம்பரில் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரிக்கு அருகே கடந்து, ஒரே நாளில் அங்கே 46 செ.மீ.க்கும் மேல் மழையைக் கொட்டியது. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாய்களையும் தாக்கும். ஆகவே மழைக்காலத்தை நாங்கள் விட்டுவிட்டோம்.

வெயில் காலத்திலும் அக்னி நட்சத்திரம் கூடாது. எங்களுக்குப் பொருந்திய மாதம் ஆனி, அதாவது ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை. பள்ளிகள் திறந்திருப்பதால் வார நாட்களில் கடற்கரை காலியாக இருக்கும். இன்னொரு காரணம் எனக்கு முக்கியமானது. பங்குனி ஆமைகள் எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை இதே மணலில் முட்டையிடுகின்றன. குஞ்சு பொரிந்து வெளிவர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக நடந்து காப்பாற்றி வரும் முட்டைகளை ஒரு நாய் ஐந்து நிமிடத்தில் தோண்டிவிடும். ஆனியில் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

ஆனியின் குறை வெப்பம்தான். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரைகூட உள்ளே வராது. நாய்க்கு உடல் முழுவதும் வியர்க்காது. இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், காற்றில் ஈரம் கூடினால் அதுவும் சரியாக நடக்காது. எனவே வெளியே போவதற்கு விடியற்காலை ஐந்தேகாலிலிருந்து ஏழு மணி வரையும், மாலையில் மணல் ஆறிய பிறகும்தான் நேரம். அந்த இரண்டு வேளைகளிலும் நடந்தே எட்டக்கூடிய தூரத்தில் என்ன இருக்கிறது, நடுஇரவில் ஏதேனும் ஆனால் கால்நடை மருத்துவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்ற இரண்டையும் வைத்துத்தான் நான் ஊர்களை எடைபோடுகிறேன்.

சென்னைக்கு மிக அருகே இருக்கும் கோவளத்தை ஏன் விட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். அதன் கடற்கரை, தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்றது. கடற்கரைக்குள் நாய்கள் வருவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அந்தச் சான்றின் விதிகளில் ஒன்று, அது நியாயமான விதியும்கூட. அதே ஆண்டு அதே சான்றைப் பெற்ற புதுச்சேரியின் ஈடன் கடற்கரைக்கும் இது பொருந்தும்.

மாமல்லபுரம் பெசன்ட் நகரிலிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. காரில் வாந்தி எடுக்கும் நாய்க்கு இந்தத் தூரமே பெரிய சலுகை. கடற்கரைக் கோயில் வளாகத்தை நாயோடு சுற்றிப் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். நாங்கள் ஒருவர் வெளியே நிற்க ஒருவர் உள்ளே போய் வந்தோம். ஊருக்கு வடக்கே தேவநேரிப் பக்கம் வீடு பார்த்ததால், விடியற்காலையில் சவுக்குத் தோப்பின் ஓரமாகவே மணலை எட்ட முடிந்தது. கடல் கிழக்கே இருப்பதால் மாலையில் தோப்பின் நிழல் மணல்மேல் நீண்டு விழும். ஐந்தரை மணிக்கே செவலை கால் வைக்கத் தயங்காமல் நடந்தது. மணலில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுவேன். கையை எடுக்கத் தோன்றாவிட்டால்தான் நாயை இறக்குவேன்.

இந்த ஊரில் நான் எதிர்பாராத தொந்தரவு உளிச்சத்தம். சிற்பக்கூடங்கள் உள்ள தெருக்களில் காலை முதல் கல்லை வெட்டும் இயந்திரம் சீறிக்கொண்டிருக்கும். அதன் தூசு நாயின் மூக்கில் வெள்ளையாகப் படியும். கை உளியின் தாளத்துக்கு செவலை இரண்டே நாளில் பழகிவிட்டது, இயந்திரத்துக்குக் கடைசி வரை பழகவில்லை. வீடு பார்க்கும்போது சிற்பக்கூடம் எத்தனை வீடு தள்ளி இருக்கிறது என்று கேட்பது அவசியம். அடுத்தது, சனியும் ஞாயிறும் இந்த ஊருக்குப் பருவம் கிடையாது. சென்னையின் கார்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து இறங்கிவிடும். குதிரைச் சவாரி, பட்டம், சோளக் கடை எல்லாம் சேர்ந்து நாய்க்கு இடமில்லாமல் போகும். அந்த இரண்டு நாட்களிலும் நாங்கள் வீட்டோடு இருந்தோம்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, சிறு காயத்துக்கும் தடுப்பூசிக்கும் உள்ளூரிலேயே வழியுண்டு; பெரிய சிக்கலென்றால் சென்னைக்குத்தான் திரும்ப வேண்டும். 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை இரவில் ஒன்றரை மணி நேரத்தில் அடைந்துவிடலாம் என்பது எனக்குத் தெம்பாக இருந்தது. செவலையின் பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன.

புதுச்சேரி 150 கி.மீ. வசதிகளை மட்டும் பார்த்தால் மூன்றில் இதுவே முதலிடம். கோழி, தயிர், கேழ்வரகு மட்டுமல்லாமல், சிறுநீரகக் கோளாறுள்ள நாய்க்கான தனி உணவுகூடக் கடையில் கிடைத்தது. தனியார் நாய் மருத்துவர்கள் நகரத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. செவலைக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது அந்த மாதத்தில்தான். இரண்டு நாள் சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்துப்போனதைக் கண்டதும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போய், அன்று மாலையே மருந்தைத் தொடங்க முடிந்தது. வேறு ஊராக இருந்திருந்தால் ஒரு நாளாவது வீணாகியிருக்கும்.

ஆனால் கடற்கரை ஊருக்கு வந்து நாய்க்கு மணலைத் தேட வேண்டியிருப்பது புதுச்சேரியில்தான். 1989இல் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டன. அதன் விளைவாகத் துறைமுகத்துக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டு, பாறை கொட்டிய கரையாயிற்று. நகரக் கடற்கரைச் சாலையின் ஒரு பகுதியில் மணல் மீண்டிருக்கிறது என்றாலும், மாலை நேரத்து மக்கள் கூட்டத்தில் நாய்க்கு அது பயன்படாது. கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களை விடுவதில்லை என்பது பெரிய நன்மை. ஆயினும் பகலெல்லாம் வெயில் குடித்த தாரும் கல் நடைபாதையும் இரவு ஏழு மணிக்கும் சூடாகவே இருக்கும். துறைமுகத்துக்குத் தெற்கே, மணல் சேரும் பக்கமான வீராம்பட்டினத்தில் தங்கினால் இந்தக் குறை தீரும். அங்கே கரை அகலம், காலையில் வலை உலர்த்துபவர்களைத் தவிர ஆளில்லை.

வீடு கிடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பிரெஞ்சுக் குடியிருப்பான வெள்ளை நகரத்தில் ஒரு விடுதிக்காரர் தொலைபேசியில் நாய்க்குச் சம்மதம் சொல்லி முன்பணமும் வாங்கிக்கொண்டு, நாங்கள் சாமான்களோடு போய் நின்றபோது நாயைப் பின்கட்டில் சங்கிலியில்தான் கட்ட வேண்டும் என்றார். தகரக் கூரை போட்ட பின்கட்டு அது; ஆனி மாதத்தில் அங்கே நாயைக் கட்டுவது அதைக் கொல்வதற்குச் சமம். அன்றிரவே வெளியேறினோம், முன்பணம் திரும்பவில்லை. அதிலிருந்து, நாய் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்ற வரியைக் குறுஞ்செய்தியில் எழுதி வாங்காமல் பணம் அனுப்புவதில்லை.

தரங்கம்பாடி ஏறக்குறைய 270 கி.மீ. 1620இல் டேனியர்கள் கட்டிய கோட்டையும், அதன் முன்னால் திறந்த வெளியும், ஓசையில்லாத ராஜ வீதியும் கொண்ட சிற்றூர். நாயின் நடைக்கு இதைவிட நல்ல ஊரை நான் பார்த்ததில்லை. நாங்கள் தங்கிய பழைய வீட்டில் மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய உயரமான மெட்ராஸ் டெரஸ் கூரையும் சிவப்பு ஆக்சைடு தரையும் இருந்தன. உச்சி வெயிலில் செவலை முற்றத்து ஓரத் தரையில் வயிறு பட நீட்டிப் படுத்து மாலை வரை எழாது. மாமல்லபுரத்துக் கான்கிரீட் அறையில் குளிர்சாதனம் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட அப்படித் தூங்கியதில்லை. வார இறுதியிலும் ஊர் மாறுவதில்லை. தெருநாய்கள் உண்டு, ஆனால் முதல் வாரம் முழுவதும் ஒரே நேரத்தில், ஒரே வழியில், கழுத்துப்பட்டியோடு அழைத்துப் போனதும் அவை தம் எல்லையில் நின்று பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன.

அந்த ஊரின் ஆபத்து மீன் இறங்கும் இடத்தில் இருக்கிறது. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஜூன் 14இல் முடிகிறது. அதன் பிறகு கரையில் கழித்துப் போடும் மீன் கூடுகிறது. அதில் பேத்தை மீன் இருக்கும். அதன் நஞ்சுக்கு மாற்றுமருந்தே கிடையாது. நான் பேத்தைக்குத்தான் பயந்திருந்தேன். செவலை கவ்வியது கெளுத்தியை. துள்ளிக்கொண்டிருந்த சிறு கெளுத்தியின் பக்க முள் அதன் மேலுதட்டைத் துளைத்து நின்றது. நான் மீனைப் பிடித்து இழுக்கப் போனபோது, அருகே மீன் வெட்டிக்கொண்டிருந்த வயதான அம்மா கத்தினார்: "இழுக்காதீங்க தம்பி, முள்ளு உள்பக்கமா ரம்பம் மாதிரி இருக்கும், கிழிச்சிக்கிட்டு வரும். வாயை மட்டும் கெட்டியாப் பிடிங்க." என் துண்டால் செவலையின் முகத்தை அணைத்துப் பிடித்துக்கொள்ள, அவர் அரிவாள்மனையிலிருந்து எழுந்து வந்து, கத்தரியால் முள்ளை அதன் அடியில் நறுக்கி மீனைத் தனியே எடுத்தார். உதட்டில் நின்ற மிச்ச முள்ளோடு மருத்துவரைத் தேடிப் போனோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, பொறையாரில் யாரும் கிடைக்காமல், மயிலாடுதுறை வரை 30 கி.மீ. போய், மயக்க ஊசி போட்டு முள்ளை எடுத்துத் திரும்பும்போது பிற்பகலாகிவிட்டது. உதட்டு முள்ளுக்கு அந்தத் தாமதம் பரவாயில்லை. வயிறு முறுக்கிக்கொண்ட நாய்க்கோ, வெப்பத்தில் சுருண்ட நாய்க்கோ அந்த நேரம் இருக்காது.

ஆகவே என் தேர்வு நாயின் வயதைப் பொறுத்தது. முதல் முறையாகச் சென்னையை விட்டு வெளியே தங்கப் போகும் நாய்க்கு மாமல்லபுரத்தின் வடபுறம்தான் சரி: ஒத்துவராவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாம், பழகிய மருத்துவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். நடுவயதில் நோயற்ற நாட்டுநாய், சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்றவற்றுக்குத் தரங்கம்பாடியைத் தயங்காமல் சொல்வேன்; கொரகொர மூச்சுவிடும் பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை ஆனியில் அங்கே கொண்டுபோகவே கூடாது. வயதான நாய்க்கும், தொடர்ந்து மருந்து சாப்பிடும் நாய்க்கும் வீராம்பட்டினப் பக்கத்துப் புதுச்சேரி.

செவலைக்கு இப்போது 9 வயது. பின்னங்கால் இடுப்பில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது. மணலில் அரை மணி நடந்தால் மறுநாள் எழும்போது நொண்டுகிறது. அதனால் வரும் ஆனிக்கு வீராம்பட்டினத்தில், தரைத்தளத்தில், படியே இல்லாத ஒரு வீட்டைப் பேசி வைத்திருக்கிறோம். வீட்டுக்கார அக்கா நாய் எங்கே படுக்கும் என்று கேட்டார். உள்ளேதான் என்று எழுதி அனுப்பினேன். "சரிங்க, எங்க வீட்டு நாயும் உள்ளதான் படுக்கும்" என்று பதில் வந்த பிறகு பணம் அனுப்பினேன்.