ஆஸ்டர் கேட்டால் எந்த ஆஸ்டர் என்று கேட்காத நர்சரி

ஐந்துக்கு மூன்று. செடிக்கு மட்டும் என்றால் நாலு போட்டிருப்பேன், கடைக்காரர் வாய்க்கு ஒன்றைக் குறைத்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டையிலிருந்து வண்டியில் கால் மணி நேரம். பெயர் வேண்டாம், மனுஷர் நல்லவர்தான். போன வருஷம் புரட்டாசியில் போனபோது நிழல் வலைக்குக் கீழே ஒரு வரிசை முழுக்க ஊதாவும் ரோஸுமாக ஆஸ்டர் நின்றது, கவர் 40 ரூபாய். "அண்ணாச்சி, இது பூத்து முடிஞ்சா போயிருமா, வருஷா வருஷம் வருமா?" என்று தெளிவாகத்தான் கேட்டேன். "ஒரு தடவ வச்சா போதும்க்கா, அது பாட்டுக்கு வரும்" என்றார். ஆறு கவர் வாங்கினேன்.

பூத்தது என்னவோ அழகாகத்தான். ஆயுத பூஜைக்குப் படத்துக்கு வைத்தோம், மீதியைத் தண்ணீரில் போட்டு வைத்தால் ஒரு வாரம் வாடாமல் நின்றது. அப்புறம் ஐப்பசி மழை பிடித்ததும் இரண்டு செடி ஒரு பக்கமாகத் தொங்கி வாடல் நோயில் போய்விட்டன, மற்ற நாலும் விதை கட்டி அடியிலிருந்து காய்ந்தன. பழைய தண்டை வெட்டிவிட்டால் துளிர்க்கும் என்று தை வரைக்கும் தண்ணீர் ஊற்றினேன். "காஞ்ச குச்சிக்கு எதுக்குத் தண்ணி ஊத்துத?" என்று அத்தை கேட்டபோதுதான் உறைத்தது.

விஷயம் இதுதான். நம் நர்சரிகளில் ஆஸ்டர் என்று வருவது பெரும்பாலும் சீனா ஆஸ்டர், ஒரே பருவத்தில் பூத்து முடிகிற செடி. பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட காமினி, பூர்ணிமா, சஷாங்க் எல்லாம் இந்த வகைதான். எத்தனை வருஷமானாலும் வேரிலிருந்து திரும்ப வருவது வேறு ஆஸ்டர், அதில் நிறைய ரகங்களுக்குப் பூர்வீகம் வட அமெரிக்கா. குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில், செப்டம்பர் 29 அதிதூதர் மிக்கேல் திருநாளை ஒட்டிப் பூப்பதால் இங்கிலாந்தில் அதற்கு மிக்கேல்மஸ் டெய்சி என்று பெயர். வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், செடியின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். ஒரே தண்டு, அகலமான பல் பல்லாக வெட்டிய இலை என்றால் சீனா ஆஸ்டர். ஒல்லியான நீள இலை, சின்னப் பூ, தண்டைச் சுற்றி மண்ணுக்குள்ளிருந்து பக்கக் கன்றுகள் முட்டிக்கொண்டு வந்தால் நீங்கள் தேடுவது அதுதான்.

மாசியில் சண்டை போடும் எண்ணத்தோடு போனேன். "அட, பொக்கே கடைக்காரங்க வாங்குத ப்ளூ டெய்சியா கேட்டீங்க?" என்று பின்கட்டுக்குப் போய் ஒரு பழைய தொட்டியைக் கவிழ்த்து, வேர்க்கட்டியைக் கத்தியால் கீறி இரண்டு துண்டு கொடுத்தார், காசு வாங்கவில்லை. செடிக்கு மட்டும் என்றால் நாலு என்று சொன்னது இதற்குத்தான்.

ஒரு துண்டு கத்திரி வெயிலில் போய்ச்சேர்ந்தது, மொட்டை மாடியில் வைத்தது என் தப்பு. இன்னொன்றை முருங்கை நிழலில் காலை வெயில் மட்டும் படும்படி வைத்தேன். அது சாண் உயரம்கூட வளராமல் சித்திரையிலேயே மொட்டு வைத்துவிட்டது. பகல் சுருங்கினால் பூக்கும் செடி, நம் ஊரில்தான் வருஷம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே நிற்கிறதே, பாவம் அது என்ன செய்யும். பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய கூடாரத்தில், செவ்வந்திக்கு ராத்திரி விளக்கு போட்டுப் பகலை நீட்டுவது இதற்காகத்தான். என்னிடம் விளக்கு இல்லை, மொட்டோடு சேர்த்துக் கொழுந்தைக் கிள்ளினேன், ஆடியில் இன்னொரு தடவை. இப்போது புரட்டாசியில் முழங்கால் உயரத்தில் புதராக நிற்கிறது, மஞ்சள் நடுவோடு சட்டைப் பித்தான் அளவு ஊதாப் பூ. அடி இலையில் சாம்பல் நோய் எட்டிப் பார்த்தது, தலையோடு தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி வேரில் மட்டும் விட்டதும் அதற்கு மேல் ஏறவில்லை.

கடையைப் பற்றி இன்னொன்று. கவர் மண் களிமண்ணாக இறுகிக் கிடக்கும், அப்படியே தொட்டியில் இறக்காமல் உதிர்த்துக் கொஞ்சம் மணல் கலந்து வையுங்கள். ஜிபே உண்டு, பில் கிடையாது. பின்கட்டில் இருப்பதை அவராகக் காட்ட மாட்டார், கேட்டால்தான் உண்டு.